புளி போட்டுத் தேய்த்த பால்பற்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊரில் விழுகிற பால்பற்களுக்கெல்லாம் நான்தான் ஏஜென்ட். இந்தப் பதவியைக் கொடுத்தவள் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பாண்டிச்சேரியில் தங்கிப் பல் மருத்துவத்தில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்து, கிளியனூர் தாண்டி எங்கள் ஊரில் இறங்குவாள். ஞாயிறு பூசை பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

படிப்பு முடிவதற்கு அவள் ஓர் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொத்தைப் பல்லை அடைக்கும்போது முதலில் ஒரு பசை தடவுவார்கள். அந்தப் பசை பெரியவர்களின் பல்லைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குக் குழந்தைகளின் பால்பல்லையும் பிடித்துக்கொள்கிறதா என்பதுதான் அத்தையின் கேள்வி. பல்லில் பசையைத் தடவி, அதன்மேல் ஒரு சிறு துண்டை ஒட்டி, எந்திரத்தில் மாட்டி, துண்டு பிய்ந்து வரும்வரை இழுக்க வேண்டும். எவ்வளவு பலத்துக்குப் பிய்ந்தது என்று எந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா, "ஒட்டறதையும் பிய்க்கறதையும் பாக்கறதுக்கா இத்தினி வருஷமா படிக்கிற?" என்றாள். அத்தை சிரித்துக்கொண்டே "ஆமா அண்ணி" என்றாள். அவளுக்கு எதற்கும் கோபம் வராது.

பெரியவர்களின் பல்லுக்குப் பஞ்சமில்லை. பல் வரிசைக்குக் கம்பி கட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு இடம் பண்ணுவதற்காக நல்ல பல்லையே பிடுங்குவார்களாம். பால்பல்தான் சிக்கல். ஆஸ்பத்திரிக்கு வருகிற பால்பல் எல்லாம் சொத்தை. சொத்தையில்லாத பால்பல் வீட்டிலேயே ஆடி, வீட்டிலேயே விழுந்து, சாணி உருண்டைக்குள் புகுந்து கூரைமேல் ஏறிவிடுகிறது. அத்தைக்குப் பழுதில்லாத முப்பது பால்பற்கள் வேண்டும். அதற்குத்தான் நான்.

ஒரு மூடி போட்ட பாட்டில், அதில் ஊற்ற மருந்து கலந்த தண்ணீர், கட்டாகச் சில படிவங்கள், ஒரு பெட்டி பென்சில் இவற்றை என்னிடம் ஒப்படைத்தாள். பல்லில் ஓட்டை இருக்கக் கூடாது. பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பல் விழுந்தவுடன் பாட்டிலில் போட்டுவிட வேண்டும், காயவிடக் கூடாது. கடைசியாக ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்: "இந்தத் தண்ணியத் தவிர வேற எதையும் போடாத. ரத்தம் கித்தம் இருந்தா வெறும் தண்ணில கழுவு, போதும்." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

முதல் தடை எதிர் வீட்டு அக்கா. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம், தாராளமான கை, கேட்டால் எதையும் கொடுப்பாள். மகனின் பல்லை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"இன்னாத்துக்குடி உங்க அத்தைக்கு எம்புள்ள பல்லு? கூரை மேல போட்டாதான் புதுப் பல்லு மொளைக்கும். பாட்டில்ல போட்டு வச்சிக்கினா பொக்கை வாயோட நிப்பான், அப்புறம் எவ பொண்ணு குடுப்பா?"

அவன் அப்போது மூன்றாம் வகுப்பு. நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். அவர்கள் வீடு மேலே தளம் போட்ட மெத்தை வீடு, ஏறுவதற்குப் படி உண்டு. அக்கா சாணி இல்லாமல் பல்லை மட்டும் மேலே எறிந்துவிட வேண்டியது. பல் கூரைக்குப் போய்விட்டது, சாத்திரம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் படியேறிப் போய் எடுத்துக்கொள்வேன். அக்கா, "நீ வக்கீலுக்குப் படிடி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதன்பின் தெருவில் இந்துப் பிள்ளை, எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதப்பிள்ளை என்ற வித்தியாசமில்லாமல் எல்லாப் பல்லும் ஒருதரம் மெத்தைக்குப் போய் எனக்காகக் காத்திருந்தது.

பல்லுக்கு ஒரு பென்சில் என்ற செய்தி பள்ளிக்கூடத்தில் பரவியதும் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. பாடம் நடக்கும்போதே பின்வரிசைப் பையன்கள் நாக்கால் பல்லை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஆட்டுப் பல்லைக் கழுவிக்கொண்டு வந்து, "எங்க தாத்தா பல்லு" என்றான். சொத்தை என்று நான் திருப்பிவிட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதவி என்றால் அப்படித்தான் என்று நான் பொறுத்துக்கொண்டேன்.

முப்பது பல் சேர ஏழெட்டு மாதம் ஆயிற்று. கடைசிப் பல் என்னுடையது.

அந்தச் சமயத்தில் அத்தை தன் பையில் இன்னொரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் இருந்தவை பெரியவர்களின் பற்கள். காலேஜில் எந்திரம் வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்தவை. அப்படி ஒரு வெள்ளை. பக்கத்தில் எங்கள் ஊர்ப் பாட்டிலை வைத்துப் பார்த்தேன். இளமஞ்சளாக, அடியில் காய்ந்த ரத்தத்தோடு, சில பற்களில் கேழ்வரகு நிறத்தில் கறையோடு கிடந்தன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவற்றைக் காலேஜில் பெரிய பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள். திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் பல்லே விளக்குவதில்லை என்றல்லவா நினைப்பார்கள்?

அடுத்த சனிக்கிழமை ஊர்க் கோயிலில் மாதா திருவிழாவுக்கான வேலை நடந்தது. பீடத்தில் வைக்கிற பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்ப்பது உபதேச வகுப்புப் பெண்பிள்ளைகளின் வேலை. வருஷம் முழுக்கக் கறுத்துக் கிடந்த தண்டுகள் புளி பட்டதும் தங்கமாக மாறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிச்சமான புளியை உருண்டை பிடித்துக் கவுன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒரு கிண்ணத்தில் புளியைக் கெட்டியாகக் கரைத்து முப்பது பல்லையும் அதில் ஊறப்போட்டேன். மதியம் சோறு தின்றுவிட்டு எடுத்து, ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துக் கழுவினேன். சாம்பல் போடவில்லை, கீறல் விழுந்துவிடுமே. அவ்வளவு பொறுப்பு எனக்கு! எல்லாம் பளிச்சென்று வெளுத்திருந்தன. பழையபடி பாட்டிலில் போட்டு மூடினேன். அத்தை சொன்ன 'வேற எதையும்' என்பதில் புளி சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் தோன்றியது. தோன்றியதால்தான் சாயங்காலம் அத்தை வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக் கேட்டபோது நான் அப்படிப் பதில் சொன்னேன்.

"இன்னாடி இப்பிடி மின்னுது?"

"பிரஷ் போட்டு தேச்சேன் அத்த."

"தண்ணிலதான?"

"தண்ணிலதான்."

அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, வழக்கமில்லாத நாளில், கையில் ஸ்வீட் பெட்டியோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே, "அண்ணே, நம்ம ஊரு பல்லு ஜெயிச்சிடுச்சி" என்று கத்தினாள். பால்பல்லைப் பசை குறைவாகத்தான் பிடிக்கும் என்று அதுவரை அவள் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்லியிருக்கின்றன. அவளுடைய எந்திரத்திலோ பால்பல்தான் விடாப்பிடியாகப் பிடித்திருக்கிறது. அவளுக்கு வழிகாட்டுகிற புரொபசர் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, சென்னையில் நடக்கிற பெரிய கூட்டத்தில் இதைப் பற்றி நீயே பேசு என்று சொல்லிவிட்டார். பரீட்சை முடிந்ததும் விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரச் சொல்லி ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள். இனி கேட்கவே வேண்டாம்.

"கேப்பைக் களி தின்ன பல்லாச்சே, வுடுமா?" என்றார் அப்பா. தங்கையை அவர் அவ்வளவு பெருமையாகப் பார்த்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தை சந்தோஷத்தில் எல்லாருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். "பல்லோட மேல்பக்கம் வழுவழுன்னு இருக்குதில்ல, அதுல பசை நிக்காது. அதனால பசையிலயே கொஞ்சம் ஆசிட் கலந்து வச்சிருப்பாங்க. அது பட்டா பல்லு கண்ணுக்குத் தெரியாத குழி குழியா ஆயிடும். குழிக்குள்ள பசை எறங்கி கெட்டியா புடிச்சிக்கும். பால்பல்லுல அந்தக் குழி ஒழுங்கா வுழாதுன்னுதான் எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க."

"ஆசிட்னா இன்னா அத்த?" என்று கேட்டேன்.

"புளிப்புதான். எலுமிச்சம்பழத்துல இருக்குது, மோர்ல இருக்குது. ஏன், நம்ம ஊட்டு புளில கூட இருக்குது."

இன்னொரு ஸ்வீட்டுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். கணக்கில் நான் மந்தம். ஆனால் இந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. பற்கள் ஜெயிக்கவில்லை, நான் ஜெயிக்க வைத்திருக்கிறேன். சொன்னால் சென்னைக் கூட்டமும் அத்தையின் சிரிப்பும் போய்விடும். சொல்லாவிட்டால் பொய். இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு பத்து நாள் சாப்பிட்டேன், விளையாடினேன், பள்ளிக்கூடம் போனேன். எதிலும் ருசியில்லை.

அந்த வருஷம் பூசையில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குத் தயாரானவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தை முதல்முறையாகச் செய்ய வேண்டும். என்னென்ன பாவம் சொல்வது என்று வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அம்மா பேச்சைக் கேட்கவில்லை, தம்பியை அடித்தேன், பூசையில் சிரித்தேன். எல்லார் கையிலும் ஒரே பட்டியல். என் பாவம் மட்டும் யாரிடமும் இல்லாதது. பயத்துக்கு நடுவே அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் முறை வந்தது. வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குச்சாமியார் உட்கார்ந்திருந்தார். பொதுப் பட்டியலை ஒப்பித்துவிட்டு நிறுத்தினேன்.

"வேற எதுனா இருக்குதாம்மா?"

"பல்லுக்குப் புளி போட்டேன் ஃபாதர்."

அவர் தட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"யார் பல்லுக்கு?"

"ஊர்ல எல்லார் பல்லுக்கும்."

அவர் இருமினார். பிறகு நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். எதிர் வீட்டு அக்காவின் மெத்தையைக்கூட விடவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள், நான் ஏதோ கொலை செய்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்களாம். கடைசியில் சாமியார் கேட்டார்: "அத்தைகிட்ட சொன்னியா?"

"இல்ல ஃபாதர்."

"மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு. அப்புறம் போய் அத்தைகிட்டயும் சொல்லிடு. அதையும் செஞ்சாத்தான் அபராதம் முடிஞ்ச மாதிரி."

எனக்குப் பெரிய ஏமாற்றம். சாமியார் மன்னித்துவிட்டால் பல்லிலிருந்து புளி போய்விடும் என்றும், அத்தைக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிக்கொண்டுதான் நான் உள்ளே போயிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அத்தை பின்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மல்லாட்டையை உடைத்துத் தின்றுகொண்டே டைப் அடித்த தாள்களில் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நான் எதிரே நின்று ஒரே மூச்சில் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

அத்தை திட்டவில்லை. ஒரு நோட்டை எடுத்தாள். எவ்வளவு புளி, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குப் போட்டாய், எத்தனை மணிக்கு எடுத்தாய், எதால் தேய்த்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "எல்லா பல்லுக்குமா போட்ட?"

"எல்லாத்துக்கும்."

"ஒண்ணு ரெண்டு கூட பாக்கி வுடலியா? நல்லா யோசிச்சி சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். "இல்ல அத்த. எல்லாத்துக்கும்."

உடைக்காத ஒரு மல்லாட்டை அவள் விரல்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது. எதிரே வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னியே, அது போதும். வேற யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. நான் பாத்துக்கறேன்" என்றாள். தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள். மறுநாள் பூசைக்குக்கூட இருக்காமல் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். எனக்கோ உடம்பு பஞ்சாகிவிட்டது. பத்து நாள் விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடித்து அன்று சாயங்காலம் இருட்டும்வரை கோகோ ஆடினேன்.

இரண்டு சனிக்கிழமை அத்தை வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை புதுப் பாட்டில், புதுப் படிவம், புதுப் பென்சில் பெட்டியோடு வந்தாள். அம்மா மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"திரும்பவுமா?"

"பத்தல அண்ணி" என்றாள் அத்தை.

பாட்டிலை என் கையில்தான் கொடுத்தாள். இந்தத் தடவை எந்தப் பாடமும் சொல்லவில்லை. வெறும் தண்ணீரில் கழுவுவதுகூட அத்தை வந்த பிறகுதான் என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருப் பிள்ளைகளின் பல்லெல்லாம் விழுந்து தீர்ந்துவிட்டிருந்தது. அத்தை சனிக்கிழமைகளில் ஒலக்கூர் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போனாள். சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, "பொறுக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்று கேட்கிறவர்களிடம் சிரித்து, படிவத்தைப் படித்துக் காட்டி, ஒரு நாளைக்கு ஒரு பல் கிடைத்தால் அதிகம். ஆராய்ச்சியைக் கொடுக்காமல் பரீட்சை எழுத முடியாது; அதற்குள் அவளோடு படித்தவர்கள் எல்லாம் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து போய்விட்டார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்காகச் சில மாதம் காத்திருந்துவிட்டு வேறு ஒரு டாக்டரை எடுத்துக்கொண்டார்கள். சென்னைக் கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பின்னால் ஒருவழியாக எந்திரத்தில் மாட்டியபோது புதுப் பற்கள் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே நடந்துகொண்டன. பெரியவர்களின் பல்லைவிடக் குறைவாகத்தான் பசை அவற்றைப் பிடித்தது. அதில் யாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுக்க ஒன்றுமில்லை.

பின்னால் விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும்போது கெமிஸ்ட்ரி லேபில் எனக்கு ஓர் எண் சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்தவளின் ரெக்கார்டைப் பார்த்து என் எண்ணை மாற்றி எழுதினேன். பத்து நிமிஷ வேலை, யாருக்கும் தெரியவில்லை, முழு மதிப்பெண்ணும் வந்தது. ரெக்கார்டை மூடும்போதுதான் வேப்பமரத்தடியில் அத்தை உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்தது. அந்த முப்பது பல்லுக்கும் புளி போட்டது அவளுக்கும் எனக்கும் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றிச் சாமியார் வெளியே வாயைத் திறக்க முடியாது. என் வாயை அத்தையே மூடிவிட்டாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவளோ அந்தத் திங்கட்கிழமை காலை நேராகப் போய்ப் புரொபசரிடம் நோட்டைக் காட்டியிருக்கிறாள். யார் புளி போட்டது என்று அவர் கேட்டதற்கு, பாட்டிலைப் பத்திரமாக வைக்காதது தன் தப்பு என்று சொல்லியிருக்கிறாள். இதை அவளிடமிருந்து கறப்பதற்கு எனக்கு ஒரு விடுமுறை முழுவதும் ஆயிற்று.

ஆனால் அந்தச் சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பாவத்தைச் சொல்லியாகிவிட்டது, அபராதமும் முடிந்தது, புளி விவகாரம் எனக்கு அத்தோடு தீர்ந்துபோனது. அடுத்த திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேசியதுதான் காதில் விழுந்தது. "பாண்டிச்சேரில போய் கடல்காத்து வாங்கிக்கினு இருந்தா எப்பிடி பாஸ் ஆவறது?" என்றார் ஒரு மாமா. அப்பா அவர் இலையில் குழம்பு ஊற்றினார். அத்தை பெயிலாகிவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அத்தை உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் அந்த வருஷம் வகுப்பில் இரண்டாவது ரேங்க். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவள் மனசு நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அத்த, நீயும் நல்லா படிச்சிருந்தா அவங்க கூடவே பாஸ் ஆயிருப்ப இல்ல?"

அத்தை கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஆமாண்டி. நான் இன்னும் கொஞ்சம் படிக்கணும்."

"காலைல அஞ்சு மணிக்கு எழுந்து படி அத்த. அப்பதான் மனசுல நிக்கும்."

"சரி" என்று சொல்லி ஈரக் கையோடு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல அத்தைக்குப் படிப்பு மட்டும் ஏறவில்லையே என்று நான் அன்று மனசாரப் பரிதாபப்பட்டேன்.